புரட்டாசி முடிந்த பிறகு மோய் ஆற்றுக்கு

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்து மலையாறுகளில் டிரவுட் மீன் பிடிக்கும் பருவம் குளிர்காலம் கழிந்து செப்டம்பரில் திறக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நானும் என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் மட்டும் அக்டோபர் மூன்றாம் வாரம் வரை காத்திருக்கிறோம். காரணம் புரட்டாசி. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் நான்கைந்து தலைமுறைகளில் பேச்சுமொழி உட்படப் பலவற்றைத் தவறவிட்டிருக்கலாம். ஆனால் புரட்டாசி மாதத்தில் மீனும் இறைச்சியும் வீட்டுக்குள் வரக்கூடாது என்ற ஒழுங்கை, நான் ஊரில் கண்டதைவிடக் கண்டிப்பாகக் காத்து வருகிறார்கள். பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிடுகிறோமே, விரதம் எங்கே கெடுகிறது என்று முதலாண்டில் நான் வாதாடிப் பார்த்தேன். "முள் குத்துகிறதல்லவா தம்பி, அது போதும்" என்று அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நான் பிறந்து வளர்ந்தது தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே. மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, மயிலிறகின் காம்பை நறுக்கிச் செய்த தக்கை, வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணைக் கிளறி எடுத்த மண்புழு, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தூண்டில். கெண்டையோ கெளுத்தியோ பசியோடு வந்து இழுக்கும், தக்கை அமிழும், கழியைத் தூக்கினால் மீன் கரையில் துள்ளும். இந்த அறிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஃப்ளை ஃபிஷிங் என்னும் ஈத்தூண்டிலைக் கற்கப் போனவனுக்கு, முதல் நாளில் எல்லாமே தலைகீழாகத் தெரிந்தது. சாதாரணத் தூண்டிலில் நுனியில் இருக்கும் ஈயக்குண்டும் இரையும்தான் பாரம். அவற்றை வீசினால் நரம்பு பின்னால் ஓடுகிறது. ஈத்தூண்டிலில் நுனியில் இருப்பது, சிறு முள்ளின் மீது மயிரும் இறகும் நூலால் சுற்றிக் கட்டிய ஒரு பொய்ப் பூச்சி. ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு எடையற்றது. ஆகவே பாரத்தை நரம்பிலேயே வைத்திருக்கிறார்கள். தடித்த, மேற்பூச்சிட்ட அந்த நரம்பைக் கோல் காற்றில் முன்னும் பின்னும் வீச, அதன் முனையில் கட்டிய ஒன்பதடி நீளமான, போகப்போக மெலிந்து தலைமயிர் அளவுக்கு வந்துவிடும், கண்ணாடி போலத் தெளிந்த நைலான் இழையின் கடைசியில் அந்தப் பூச்சி பின்தொடர்ந்து போய் நீரில் இறங்குகிறது.

பின்வீச்சில் நரம்பு முதுகுக்குப் பின்னால் முழுவதும் நீண்டு நேராகும் வரை ஒரு கணம் பொறுத்திருந்து, அதன்பின் முன்னோக்கி வீச வேண்டும். கற்பவர் எல்லாரும் தவறுவது அந்த ஒரு கணத்தில்தான். நான் தவறியதில் பூச்சி என் வலது காது மடலில் போய்த் தைத்தது. நல்லவேளையாக, முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கூர்முனையை இடுக்கியால் நசுக்கி மழுக்கிய பிறகே பெரியவர் எதையும் நரம்பில் கட்ட விடுவார். மீனை நோகாமல் விடுவிப்பதற்காக அவர் வைத்திருந்த விதி அன்று என் காதைக் காப்பாற்றியது. மீன் எப்படி உணரும் என்று இனி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

அவரை நான் மாமா என்றே அழைக்கிறேன். எழுபது வயதைத் தாண்டியவர். இந்நகரின் காலணித் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோல் வெட்டியவர். அவருடைய பாட்டனார் டர்பன் துறைமுகக் கழியில் கரைவலை இழுத்தவர். ஆங்கிலத்தின் நடுவே தம்பி, அம்மா, சாமி, வேண்டாம், போதும் என்று சில தமிழ்ச் சொற்களை உப்பைப் போலத் தூவிப் பேசுவார். பதினான்கு வயதில் காய்கறி லாரியில் எடுபிடியாக நாட்டிங்ஹாம் ரோடு என்னும் ஊர்ப் பக்கம் போனபோது, பாலத்தின் மேலிருந்து ஒரு வெள்ளைக்காரர் நரம்பைக் காற்றில் வளையம் வளையமாகச் சுழற்றுவதைப் பார்த்திருக்கிறார். அது என்ன என்று ஓட்டுநரைக் கேட்டதற்கு, "அது நமக்கில்லை" என்பதே பதிலாகக் கிடைத்ததாம். 1953இல் வந்த தனித்தனி வசதிகள் சட்டம் கடற்கரை மணலையும் பூங்கா இருக்கையையும்கூடத் தோல் நிறத்தால் பிரித்திருந்த காலம் அது; மீன்பிடி மன்றங்களும் ஆற்றை ஒட்டிய பண்ணைகளும் யார் கையில் இருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. மாமா முதன்முதலாக மோய் ஆற்றில் கால் வைத்தது அதற்கு அடுத்த ஆண்டில், நாற்பதைக் கடந்த வயதில். கற்பிக்க ஆளில்லாமல், நூலகப் புத்தகத்தில் இருந்த படங்களைப் பார்த்து, தொழிற்சாலை அணியின் கால்பந்து மைதானத்தில் மாலை வேளைகளில் வெறும் நரம்பை வீசிப் பழகியிருக்கிறார். மற்ற தொழிலாளர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

டிரவுட் இந்த நாட்டு மீன் இல்லை. 1890இல் ஜான் பார்க்கர் என்பவர் ஸ்காட்லாந்திலிருந்து தருவித்த முட்டைகள் பால்கோவன் என்னும் ஊரில் பொரிக்கப்பட்டு, குஞ்சுகள் மோய், புஷ்மன்ஸ், உம்கேனி ஆகிய மூன்று ஆறுகளில் விடப்பட்டன. முட்டைகளை ஈரப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டியால் குளிரூட்டி, நிலநடுக்கோட்டைக் கடந்து கொண்டுவருவதுதான் அக்கால வழக்கம். வடக்கே இலையுதிர் காலத்தின் இறுதியில் முட்டையிடும் அம்மீன்கள், இங்கே வந்த பிறகு நாட்காட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான தென்கோளக் குளிரில் முட்டையிடப் பழகிவிட்டன. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது. நீலகிரியின் அவலாஞ்சியில் ஏறத்தாழ 1907இல் டிரவுட் பொரிப்பகம் ஏற்பட்டதும் இதே ஆசையின் விளைவுதான். மாமாவுக்கு இதில் வேறொரு கணக்கு உண்டு. மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது 1860 நவம்பரில். "நம்முடைய கப்பல் முப்பது வருஷம் முந்தி வந்தது தம்பி. பின்னால் வந்த மீன் முன்னால் ஆற்றில் இறங்கிவிட்டது" என்பார். கசப்பாகச் சொல்வதில்லை, ஒவ்வொரு முறையும் தானே முதலில் சிரித்துவிடுவார்.

எங்கள் வீட்டிலிருந்து காம்பர்க் ஒன்றரை மணி நேரப் பயணம். டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் அந்தக் காப்பகத்தின் ஊடாகத்தான் மோய் ஆறு இறங்கி வருகிறது. மோய் என்றால் ஆப்பிரிகான்ஸ் மொழியில் அழகு; சூலு மொழியில் அதன் பெயர் ம்போஃபானா, எலண்ட் என்னும் பெரிய மான் இனத்தின் பெயரால் அமைந்தது. ஆற்றுக்கு மேலே ஒரு குகைச் சரிவில், இம்மண்ணின் தொல்குடிகளான சான் மக்கள் தீட்டிய ஓவியத்தில், உயிர்விடும் எலண்ட் ஒன்று பின்னங்கால்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக மாற்றி நிற்கிறது. ஆற்றின் பெயரைச் சூலுவில் கேட்டறிந்த பிறகு அந்த ஓவியத்தைப் பார்த்தால், அழகு என்ற பெயர் சற்று வெறுமையாகவே படுகிறது. காம்பர்க்கில் ஆறு பெரியதில்லை. பல இடங்களில் நம் ஊர் வாய்க்கால் அகலம்தான். கரையில் புல்வெளி, சமமான நடைபாதை, நாலடி ஆழ மடுக்கள், அவற்றுக்கிடையே கூழாங்கற்களின் மேல் சலசலத்து ஓடும் ஆழமற்ற நீர். முழங்கால் தேய்ந்த ஒரு முதியவர் கைத்தடியோடு வந்து நாள் முழுவதும் மீன்பிடிக்க இதைவிட இணக்கமான ஆறு மலையில் இல்லை.

அங்கே போனதும் மாமா கோலைப் பூட்டுவதில்லை. முதலில் ஒரு காய்ந்த புல் தண்டை ஒடித்து நீரில் போட்டு, அது எங்கே விரைகிறது, எங்கே தயங்குகிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் சுழன்று நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே கரையோரம் நடப்பார். ஓடையில் வாழும் டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து, ஓட்டம் தளரும் பாறை மறைவில் நின்று, விரைந்த ஓட்டம் கொண்டுவரும் பூச்சிகளை எட்டிப் பிடித்து உண்ணும். அதிகம் நீந்தாமல் அதிகம் உண்ணத் தக்க இடம் எதுவோ அதுவே அதன் இருப்பிடம். அதனால் புல் தண்டு போகிற வழியே இரை போகிற வழி. மீன் ஆறு வரும் திசையைப் பார்த்திருப்பதால், நாம் அதன் வாலுக்குப் பின்னால், ஆறு போகும் திசையிலிருந்து நெருங்க வேண்டும். நீருக்குள்ளிருந்து பார்க்கும் கண்ணுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. அந்தச் சாளரத்தின் விளிம்புக்குக் கீழே தாழ்ந்திருக்கும் எதுவும் மீனுக்குத் தெளிவாகத் தெரியாது. எழுபது வயதுக்காரர் ஏன் ஆற்றுக்குப் பத்தடி முன்பே மண்டியிட்டுத் தவழத் தொடங்குகிறார் என்பது இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

வீச்சு நன்றாக அமைந்துவிட்டால் மீன் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். உண்மையான இடர் அதற்குப் பின்னால்தான் வருகிறது. பூச்சி தயங்கும் நீரில் விழுகிறது. நரம்போ நமக்கும் அதற்கும் இடையிலுள்ள விரைந்த நீரில் கிடக்கிறது. இரண்டு மூன்று நொடிகளில் நரம்பு முந்திக்கொண்டு பூச்சியை இழுக்க, அது சிறு கோடு கிழித்துக்கொண்டு நீரின் மேல் ஓடும். மெய்யான பூச்சி எதுவும் அப்படி ஓடுவதில்லை என்பது மீனுக்குத் தெரியும். எழுந்து வந்து, பூச்சிக்கு அரை அங்குலம் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் டிரவுட்டை முதல் பருவத்தில் நான் எத்தனை முறை கண்டேன் என்று எண்ணி முடியாது. நரம்பை ஆறு வரும் திசைப் பக்கமாகப் புரட்டிப் போட்டு, அந்த இரண்டு நொடியை நான்கு நொடியாக்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று. கடைசியில் ஒரு ஏப்ரல் மாலையில், ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட பழுப்பு டிரவுட் ஒன்று எவ்விதத் தயக்கமுமின்றி வாய் திறந்து அதை விழுங்கியது. வயிறு வெண்ணெய் காய்ச்சிய பொன்னிறம், முதுகில் கரும்புள்ளி, பக்கவாட்டில் வெளிறிய வளையத்துக்குள் செம்புள்ளி. ஈரக்கையால், நீருக்குள்ளேயே வைத்துப் பார்த்துவிட்டு விட்டேன். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து நோய் பற்றும் என்பது மாமாவின் முதல் பாடங்களில் ஒன்று.

எங்கள் பெட்டியில் அதிகம் தேய்ந்திருப்பது டிடிடி என்னும் பூச்சி. தென்னாப்பிரிக்காவின் டாம் சட்கிளிஃப் உருவாக்கியது. டக்வொர்த்ஸ் டார்கிள் டிலைட் என்பதன் சுருக்கம். டார்கிள் என்பது இம்மாகாணத்தின் ஹோவிக் ஊருக்கு அருகில் இருக்கும் பள்ளத்தாக்கு. கிளிப்ஸ்பிரிங்கர் என்னும் சிறு பாறைமானின் மயிரைக் கொத்தாகக் கட்டிக் கத்தரித்துச் செய்வார்கள். அம்மயிர் உள்ளே புழையுடையதாதலால் தக்கையைப் போல மிதக்கிறது. குறிப்பிட்ட எந்தப் பூச்சியைப் போலவும் அது இல்லை. ஆனால் மீனுக்கு உண்ணத் தக்கதாகத் தோன்றிவிடுகிறது. நீருக்கடியில் ஓடவிடும், நிம்ஃப் என்னும் பொய்ப் பூச்சி வகைகளை மாமாவே கட்டுகிறார். அவற்றின் உடலுக்கு மயிற்பீலியின் இழையைச் சுற்றுவது உலகெங்கும் உள்ள வழக்கம்; நனைந்தால் அந்தக் கரும்பச்சை உயிருள்ளது போல மினுங்கும். அவர் வீட்டிலோ தைப்பூசக் காவடிக்குக் கட்டிய மயிற்பீலி ஒரு கட்டு சுவரில் சாய்ந்திருக்கிறது. அதிலிருந்து இரண்டு இழை எடுத்தால் என்ன என்று அறியாமல் கேட்டுவிட்டேன். முருகனுக்குக் கட்டியதை மீனுக்குக் கட்டுவதில்லை என்றார். கடையில் தனியாக விலை கொடுத்து வாங்கிய பீலியை வேறு அறையில், வேறு டப்பாவில் வைத்திருக்கிறார்.

கோடையில் நண்பகலுக்குப் பிறகு மலைக்கு மேல் இடிமேகம் திரளும். கார்பன் இழையால் செய்த ஒன்பதடிக் கோலைத் திறந்த புல்வெளியில் உயர்த்திப் பிடித்திருப்பது மின்னலை விருந்துக்கு அழைப்பதற்கு ஒப்பாகும் என்பதால், முதல் இடி கேட்டதும் கோலைக் கீழே கிடத்திவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறோம். அப்போது மாமி கட்டிக் கொடுத்த பாத்திரம் திறக்கும். அதில் ரொட்டியும் டின் மீன் குழம்பும்தான் பெரும்பாலும் இருக்கும். காலையெல்லாம் பிடித்த மீனை ஆற்றில் விட்டுவிட்டு, மழைக்குள் அமர்ந்து தகரடப்பா மீனை உண்ணும் எங்களைப் பார்த்துக் காப்பகக் காவலர் ஒருவர் ஒருமுறை மனம்விட்டுச் சிரித்தார்.

இந்த விளையாட்டில் என்னை உறுத்தும் ஒன்றையும் எழுதிவிட வேண்டும். இந்த மலையின் ஓடைகளில் செந்துடுப்பு கொண்ட ஒரு சிறு மீன் வாழ்ந்தது. மலுட்டி ரெட்ஃபின் என்பார்கள். 1938இல் அது அறிவியலுக்கு அறிமுகமானது நட்டாலின் உம்கோமசானா ஆற்றிலிருந்து. பிறகு அந்த ஆற்றிலிருந்தே அற்றுப்போய், உலகிலேயே இல்லை என்று கருதப்பட்டு, 1970இல் லெசோத்தோவின் மலையாறு ஒன்றில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதன் அழிவில் டிரவுட்டின் வாய்க்குப் பெரும் பங்கு உண்டு. டிரவுட்டை அயல் ஆக்கிரமிப்பு இனமாகப் பட்டியலிட வேண்டுமா என்ற வழக்காடல் இந்நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கிறது. மீன்பிடிப்போர் பலரும் அதைக் கேட்டாலே கோபப்படுகிறார்கள். என்னால் கோபப்பட முடியவில்லை. மோய் போன்ற, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக டிரவுட் நிலைத்துவிட்ட ஆறுகளில் அது இருக்கட்டும். ரெட்ஃபின் எஞ்சியுள்ள ஓடைகளுக்குள் அதை யாரும் வாளியில் தூக்கிக்கொண்டு போகாதிருக்கட்டும் என்பதே என் நிலை. மாமா ஆற்றின் கீழ்ப்பகுதிகளில் ஸ்கேலி என்னும் மஞ்சள் மீனையும் பிடிப்பார். அது இம்மண்ணுக்கே உரியது, நம் கெண்டையின் உறவு, இழுவையில் டிரவுட்டை வென்றுவிடும். அதை மட்டும் அவர் விடும்போது தலையில் தட்டிக்கொடுத்து அனுப்புகிறார்.

டிரவுட்டுக்கு நெருங்கிய உறவான கிரேலிங் தென்னாப்பிரிக்காவில் இல்லை. பழைய சாமான் விற்பனையில் வாங்கிய ஓர் ஆங்கிலேய மீன்பிடி இதழில் அதன் படத்தைப் பார்த்த மாமா, அந்தப் பக்கத்தை வெட்டி முருகன் நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வெள்ளி உடலும், பாய்மரம் விரித்தாற்போன்ற முதுகுத் துடுப்புமாக அது ஏழெட்டு ஆண்டுகளாக அங்கே தொங்குகிறது. சென்ற ஆண்டு புரட்டாசி முடிந்த வாரத்தில் அலுவலக வேலையாக நான் எடின்பரோ போக நேர்ந்தபோது, ஒரு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு அந்த மீனைப் பார்த்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "அங்கே நம்மை விடுவார்களா?" என்றும் கேட்டார்.

எடின்பரோவிலிருந்து பீபிள்ஸ் என்னும் சிற்றூருக்குப் பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ட்வீட் ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது. ஸ்காட்லாந்தின் இந்தப் பகுதியில் தூண்டிலுக்கு அரசு உரிமம் வேண்டாம். கரையின் உரிமையாளர் தரும் அனுமதிச் சீட்டே போதும். சால்மனுக்கான சீட்டு என் மாதச் சம்பளத்தோடு பேசக்கூடியதாக இல்லை. கிரேலிங் சீட்டு ஒருவேளைச் சாப்பாட்டு விலைதான். கடைக்காரர் என் பெயரையும் நாளையும் எழுதிக்கொண்டு, அது சால்மன் முட்டையிடும் காலமாதலால் கூழாங்கல் மேடுகளில் மிதித்து நடக்க வேண்டாம் என்று மட்டும் எச்சரித்தார். டிரவுட் பருவம் அக்டோபர் தொடக்கத்தோடு அங்கே முடிந்துவிடுகிறது. வசந்தத்தில் முட்டையிடும் கிரேலிங் குளிர்காலத்தில்தான் நல்ல உடற்கட்டோடு இருக்கும். அதனால் அதைப் பிடிப்பவர்கள் விரல் விறைக்கும் குளிரில் நிற்கிறார்கள். அது கூட்டமாகத் தரையை ஒட்டி மேய்வதால், மாமா கட்டிக் கொடுத்திருந்த பாரமான நிம்ஃபைக் குறுகிய நரம்பில் உருளவிட்டேன். மூன்று மணி நேரத்தில் இரண்டு கிடைத்தன. தைம் என்னும் மூலிகையின் வாசம் வீசுவதால்தான் அதற்குத் தைமாலஸ் என்ற அறிவியற் பெயர் வந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். நனைந்த கம்பளிக் கையுறையின் வாடையைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

பேருந்துக்குத் திரும்பும் வழியில், ஊருக்குள் உள்ள சிறு தடுப்பணையில் ஒரு கூட்டம் நின்றிருந்தது. தாண்டுவதற்கு முயன்று முயன்று சால்மன்கள் நுரையிலிருந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தன. கடலிலிருந்து திரும்பி ஆற்றுக்குள் நுழைந்த பிறகு அவை உண்பதில்லை. ஆயினும் ஏன் பொய்ப் பூச்சியைக் கவ்வுகின்றன என்பதற்கு எரிச்சல் என்றும் இளமையின் பழக்கம் என்றும் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. பிரிட்டனின் சால்மன்கள் 2023 இறுதியில் அருகிவரும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. கையில் கோலை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்து நிற்பதற்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. கோலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு நின்றேன்.

திரும்பி வந்ததும் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். செதில் பெரிதாக, கெண்டைக்கு இருப்பது போல இருக்கிறதே என்று மாமா வியந்தார். வாசம் அடித்ததா என்று கேட்டார், உண்மையைச் சொன்னேன். அதன்பின் சீட்டைப் பற்றிக் கேட்டார். கடைக்காரர் வேறு ஏதும் கேட்கவில்லையா, யாராவது வந்து பார்த்தார்களா, கரையில் எதுவரை நடக்க முடிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பணப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்பக்கத்தையும், விதிகள் அச்சிட்டிருந்த பின்பக்கத்தையும் முழுவதும் படித்தார். படித்து முடித்ததும் அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை நாலரை மணிக்கு வண்டியை எடுத்துவிடச் சொன்னார்.